யார் சொல்லி வந்தீங்க? – அழைப்பு இருந்தால்தான் சேர முடியும் என்ற வியாபாரப் பயணிகளின் வலைத்தளம், ஓர் எளிய விளக்கம்

மாமாவுக்குச் சென்னை ஈவ்னிங் பஜாரில் ஃபேன்சி பொருள் மொத்தக் கடை. மண்ணடி பாய்க்குப் பை, சூட்கேஸ் வியாபாரம். இருபது வருடப் பழக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது சேர்ந்து டீ குடிப்பார்கள். 2018 மே மாதம் ஒரு மாலை, மாமாவின் கடையில் உட்கார்ந்திருந்தபோது மாமா போகிற போக்கில் சொன்னார்: "போன மாசம் குவாங்சோவுல ரெண்டு நாள் ஜுரத்துல கெடந்தேன் பாய். மருந்துக்கடையில நெத்தியத் தொட்டுக் காட்டித்தான் மாத்திரை வாங்கினேன். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எந்தத் தேதிண்ணே?"

உம்ரா விசாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய பாஸ்போர்ட் அன்று பையிலேயே இருந்தது. மாமா கல்லாவிலிருந்து தன்னுடையதை எடுத்தார். இரண்டையும் விரித்து, முத்திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மாமா சீனாவுக்குள் நுழைந்தது ஏப்ரல் 22, கிளம்பியது 28. பாய் நுழைந்தது 26, கிளம்பியது மே 5. 26, 27, 28 என்று மூன்று நாள் இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். மாமா தங்கியது தாவோஜின் பக்கம். பாய் தங்கியது சியாவோபெய்யில்; வெளிநாட்டு வியாபாரிகளும் ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த இடம் அது. குவாங்சோ மெட்ரோவின் 5-ஆம் தடத்தில் இரண்டும் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். நம்ம ஊர்க் கணக்கில் ஒருவர் மண்ணடி, ஒருவர் ஹைகோர்ட்.

"அடுத்த ஸ்டேஷன்ல இருந்துக்கிட்டு ஒரு கஞ்சி வெச்சுத் தராமப் போயிட்டேனேண்ணே" என்று பாய் இரண்டு மூன்று முறை சொன்னார். கடை சாத்தும் வரை அவருக்கு மனசு ஆறவில்லை.

நாடு நாடாகப் போய் வியாபாரம் பார்ப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சமூக வலைத்தளம், அதிலும் யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும் என்று கேள்விப்பட்டால், பெரிய பணக்காரர்களின் கிளப் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளைப் பார்த்த பிறகுதான் இப்படி ஒன்று எதற்காகத் தேவைப்படுகிறது என்று புரிந்தது. இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, யார் எந்த ஊரில் எந்தத் தேதியில் இருக்கிறார்கள் என்று பொருத்திப் பார்ப்பது. இன்னொன்று, அதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது. முதலாவது சுலபம். கஷ்டம் எல்லாம் இரண்டாவதில்தான்.

பொருத்திப் பார்ப்பதை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் போகிற ஊர், சேரும் தேதி, கிளம்பும் தேதி, இந்த மூன்றையும் பதிகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தவரும் பதிகிறார். இரண்டு பேருக்கும் ஊர் ஒன்றாக இருந்து, நீங்கள் கிளம்புவதற்குள் அவர் வந்து சேர்ந்து, அவர் கிளம்புவதற்குள் நீங்களும் வந்து சேர்ந்திருந்தால், சந்திக்க வாய்ப்பு இருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. மாமா கையால் செய்ததும் அதேதான். ஆனால் இருபது பேர் இருந்தால் 190 ஜோடிகளைப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் என்றால் 4,99,500 ஜோடி. அதுவும் பயணம் முடிந்து முத்திரையைப் பார்த்துக் கைசேதப்படாமல், விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே தெரிய வேண்டும். அதனால்தான் கம்ப்யூட்டர்.

சின்னச் சின்னச் சிக்கல்கள் இதிலும் உண்டு. ஒருவர் துபாய் என்று போடுவார், இன்னொருவர் ஷார்ஜா என்று போடுவார்; இரண்டும் ஒட்டிய ஊர்கள். சரக்கு தாமதமானால் தேதி மாறும், மாற்றிப் பதிய மறந்துவிடுவோம். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

இந்த எண்ணத்தை முழுதாகச் செய்து காட்டியது டாப்ளர் என்ற தளம். லண்டனிலும் பின்லாந்திலுமாக இருந்த ஒரு சிறு குழு 2007-இல் தொடங்கியது. அடிக்கடி வேலை நிமித்தமாகப் பறப்பவர்களுக்காகவே செய்தது. ஆரம்பத்தில் அழைப்பு கிடைத்தவர்கள் மட்டும்தான் சேர முடிந்தது. ஊரையும் தேதியையும் போட்டால் போதும்; உங்களுடைய ஆட்களில் யார் அதே நாட்களில் அங்கே இருப்பார்கள் என்று சொல்லும். நண்பர் ஆகிவிட்டால் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்ற வழக்கத்தை அவர்கள் வைக்கவில்லை. என் பயணத்தை உங்களுக்குக் காட்டுவது என் விருப்பம். உங்களுடையதை எனக்குக் காட்டுவது உங்கள் விருப்பம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம்கூட ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்படி யோசித்துச் செய்த தளத்தை 2009-இல் நோக்கியா வாங்கியது. பிறகு சில வருடங்களில் மூடிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஒரு இழப்பாகத்தான் படுகிறது.

சரி, இவ்வளவு நல்ல விஷயத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தால் என்ன? ஊர் முழுக்கத் தெரிந்தால் இன்னும் நிறையப் பேரைச் சந்திக்கலாமே?

இந்தக் கேள்வியை மாமாவிடம் கேட்டேன். அவர் முதலில் சொன்னது வீட்டைப் பற்றி. "பத்து நாள் வீட்ல ஆம்பளை இல்லன்னு போர்டு மாட்டி வெக்கச் சொல்றியா?" அடுத்துச் சொன்னதுதான் வியாபாரம். குவாங்சோ என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, கேன்டன் கண்காட்சிக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். குவாங்சோவில் 1957-இலிருந்து நடக்கும் பெரிய வியாபாரக் கண்காட்சி அது. வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். உலகத்தில் பாதிப் பேர் வருவார்கள். ஆனால் அவர் அங்கிருந்து ஷான்டோ போனார் என்று தெரிந்தால் கதையே வேறு. பொம்மைத் தொழிற்சாலைகள் குவிந்து கிடக்கும் ஊர் அது. ஈவ்னிங் பஜாரில் போட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு அந்த ஊர்ப் பெயர் மட்டும் போதும். மாமா புது சப்ளையரைப் பிடித்துவிட்டார் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிடுவார். தீபாவளிக்கு அதே சரக்கு அந்தக் கடையிலும் இருக்கும்.

ஊரும் தேதியும் பார்ப்பதற்குச் சாதாரணத் தகவல்தான். வியாபாரிக்கு அது பாதி ரகசியம். அதனால் பார்ப்பவர் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும். நம்பிக்கையான ஆளா என்று எப்படித் தெரியும்? அழைப்பு என்ற ஏற்பாடு இங்கேதான் உள்ளே வருகிறது.

மண்ணடியில், பாரிமுனையில், எந்தத் தெருவிலும் புது முகம் ஒன்று கடைக்குள் வந்து கடனுக்குச் சரக்கு கேட்டால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யார் சொல்லி வந்தீங்க?" வந்தவர் சொல்லும் பெயரைப் பொறுத்துத்தான் நாற்காலி, டீ, விலை, தவணை எல்லாம். நாளைக்கு அவர் பணம் கட்டாமல் போனால் முதலாளி அந்தப் பெயர்க்காரரிடம்தான் போவார். "உங்க பேரைச் சொல்லித்தானே வந்தான்?" பெயர் கொடுத்தவர் சட்டப்படி எதற்கும் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனாலும் தலைகுனிவு அவருக்குத்தான்.

அழைப்பு வழியாக ஆள் சேர்க்கும் வலைத்தளம் இந்தப் பழக்கத்தைத்தான் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிறது. உறுப்பினர் ஒருவருக்குச் சில அழைப்புகள் தருவார்கள். அவர் யாரை அழைத்தார் என்பது பதிவாகும். புதிதாக வந்தவர் இன்னொருவரை அழைத்தால் அதுவும் பதிவாகும். இப்படியே ஒரு மரம் போலக் கிளை பிரிந்து போகும். எந்தக் கிளையில் பூச்சி விழுந்தாலும், எந்தக் கொம்பிலிருந்து அது வந்தது என்று பின்னால் தேடிப் பார்க்கலாம். நல்ல தளங்களில் புதியவரின் பக்கத்திலேயே 'இன்னார் அழைத்து வந்தவர்' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். அது இல்லாத தளத்தில் அழைப்பு வெறும் நுழைவுச் சீட்டு.

அழைப்புகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு சோதனைக்காக மாமாவிடம், "உங்களுக்கு அஞ்சு அழைப்பு கொடுத்தா யாருக்குக் கொடுப்பீங்க மாமா?" என்று கேட்டேன். போனில் ஆயிரத்துக்கு மேல் எண்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். சில பெயர்களில் கட்டைவிரல் நிற்கும், யோசிப்பார், நகர்ந்துவிடும். அரை மணி நேரம் கழித்து மூன்று பேரைச் சொன்னார். முதல் ஆள் பாய். மீதி இரண்டு அழைப்பு வேண்டாம் என்றார். நூறு அழைப்பு கொடுத்திருந்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்.

இணையத்தில் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 ஜனவரியில் வந்த ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் தொடக்கத்தில் அழைப்பு இல்லாமல் சேர முடியாது. அதே வருடம் ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயிலும் அப்படித்தான். எல்லோருக்கும் திறக்க 2007 பிப்ரவரி ஆனது. ஜிமெயில் அழைப்பை ஏலத் தளங்களில் காசுக்கு விற்றவர்கள் இருந்தார்கள். 2020-இல் வந்த கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலியிலும் இதே கூத்து நடந்தது. விற்கப்பட்ட அழைப்பில் 'யார் சொல்லி' என்பது அழிந்துபோகிறது, காசு மட்டும்தான் மிச்சம். அந்தத் தளங்களுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. அவற்றுக்கு அழைப்பு என்பது கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும் ஏற்பாடுதான்.

ஏ ஸ்மால் வேர்ல்ட் என்ற தளம் வேறு வகை. எரிக் வாக்ட்மைஸ்டர் என்ற சுவீடன்காரர் 2004-இல் தொடங்கியது. வசதி படைத்த, உலகம் சுற்றும் ஆட்களுக்கானது. அழைக்கும் உரிமையே அப்போது எல்லா உறுப்பினருக்கும் இருக்கவில்லை. உள்ளே வந்து ஒழுங்காக நடந்துகொள்ளாதவர்களை 'பெரிய உலகம்' என்று பெயர் வைத்த தனித் தளத்துக்குத் தள்ளிவிடும் வழக்கமும் அங்கே இருந்தது. நிறுவனம் பலமுறை உருமாறி, 2018-இல் சுவிஸ் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. இப்போது அது பெரும்பாலும் பயணச் சலுகைகளுக்கான கட்டண கிளப்.

சீனாவின் வீசாட் என்ற அரட்டைச் செயலியில் புதுக் கணக்கு தொடங்கும்போது, ஏற்கனவே உள்ள ஒருவர் ஒரு க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து 'இவர் எனக்குத் தெரிந்தவர்' என்று உறுதி சொல்லச் சொல்வார்கள். மாமாவுக்கு ஒரு சீன சப்ளையரின் மகள்தான் அப்படி உறுதி சொன்னாள். 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அதோடு, பத்து வருடமாகச் சேர்த்த சப்ளையர்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் எட்டாக்கையாகிவிட்டார்கள். ஒரே செயலியை நம்பித் தொடர்புகளை வைக்கக் கூடாது என்று அவர் அன்றிலிருந்து எல்லோருடைய எண்ணையும் நோட்டில் எழுதி வைக்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது நம்மிடமே இருக்கிறது. சுமத்ராவின் பாருஸ் பகுதியில், 1088-ஆம் ஆண்டில் பொறித்த ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் இருக்கிறது. கடல் தாண்டிப் போன வியாபாரிகள் தனித்தனியாக நிற்கவில்லை, ஒரு குழுவின் பெயரில் நின்றார்கள் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், சுவரோரமாக ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை. கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்க, வந்த ஆட்கள் பகலில் அங்கேயே கணக்குப் பார்ப்பார்கள், ராத்திரி அங்கேயே பாய் விரிப்பார்கள், சமையல் பொது. ஊரிலிருந்து புதிதாக வரும் ஆள் நேராக அந்தக் கூடத்துக்குத்தான் போவார். எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ரங்கூனிலிருந்து யார் வந்திருக்கிறார், பினாங்குக்கு யார் போகிறார், யாரிடம் கடிதம் கொடுத்து அனுப்பலாம் என்ற செய்தி எல்லாம் அங்கே பேச்சுவாக்கில் கிடைக்கும். தேதிப் பொருத்தமும் அழைப்பும் ஒரே கூரைக்குக் கீழே. அந்தக் கூடத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் ஜுரம்தான் ஞாபகம் வரும்.

ஒரு சந்தேகம் வரலாம். நெருங்கிய ஆட்கள் என்றால் போனிலேயே பேசிக்கொள்வோமே, இதற்குத் தனியாக ஒரு தளம் எதற்கு? மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தெரிந்தவர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவர்கள்தான் மற்ற எல்லோரும். தினமும் பேசுகிற ஆளுக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும். ஆனால் அப்படிப்பட்டவரை ஒவ்வொரு பயணத்துக்கும் போன் போட்டு, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையைத் தளம் செய்கிறது.

இப்போது நம் பக்கத்தில் இந்த வேலையை வாட்ஸாப் குழுக்கள்தான் செய்கின்றன. கண்காட்சிக்குப் போகிறவர்கள் குழு, துபாய் குழு என்று ஒவ்வொருவரும் நாலைந்தில் இருப்பார்கள். குழு சின்னதாக இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கிறது. சேருவதற்கான லிங்கை யாரோ ஒருவர் பொதுவில் தட்டிவிட்டதும் ஏஜென்டுகளும், விசா விளம்பரங்களும், பெயர் தெரியாத எண்களும் உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே யாரும் தன் பயணத் தேதியைப் போடுவதில்லை. லிங்க் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பதிவு இல்லை, அதனால் கேட்க ஆளும் இல்லை.

இனி, இந்த முறையில் எனக்கு உறுத்தும் பக்கம். என்னோடு படித்த தோழி ஒருத்தி எருக்கஞ்சேரியில் பை தைக்கும் யூனிட் வைத்திருக்கிறாள். எட்டு மிஷின். ஜிப், பக்கிள், கைப்பிடி எல்லாம் பாரிமுனையில் நாலு கை மாறி வருவதை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, நேரடியாக வாங்கலாம் என்று பார்க்கிறாள். அவள் வீட்டில் யாரும் வியாபாரம் செய்ததில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவளிடம் இந்த அழைப்பு விஷயத்தை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "யார் சொல்லி வந்தீங்கன்னு கேட்டா, நான் யார் பேரைடா சொல்றது?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏற்கனவே ஆள் பழக்கம் உள்ளவனுக்கே மேலும் பழக்கம் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இது. நம்மைப் போன்றவரையே நாம் அழைப்போம். ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே மதம், பெரும்பாலும் ஆண்கள் என்று சுற்றிச் சுற்றி அதற்குள்ளேயே நிற்கும். கிட்டங்கிக்கும் இதே குறை இருந்தது. அதனால் அழைப்பை மட்டும் ஒரே வாசலாக வைக்கும் தளத்தை நான் முழு மனதோடு ஏற்கமாட்டேன். தெரிந்தவர் யாரும் இல்லாதவர் விண்ணப்பம் போட்டு, இரண்டு உறுப்பினர்களை நேரில் சந்தித்துப் பேசிய பிறகு சேர இன்னொரு வழி இருக்க வேண்டும். சீன வியாபார விசாவுக்கே அங்கிருந்து ஓர் அழைப்புக் கடிதம் காட்ட வேண்டும். அங்கே யாரையும் தெரியாதவருக்கு அந்தக் கடிதத்தைக் கண்காட்சி நடத்துகிறவர்களே கொடுக்கிறார்கள். ஓர் அரசாங்க விசாவில் செய்ய முடிகிறது என்றால் ஒரு வலைத்தளத்தில் முடியாதா?

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இப்படிப்பட்ட ஒன்றில் சேருவதாக இருந்தால், ஊரும் தேதியும் தவிர வேறு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். விமான எண், ஹோட்டல் அறை எல்லாம் அவர்களுக்குத் தேவையே இல்லை. ஒரு பயணத்தை மட்டும் குறிப்பிட்ட ஒருவருக்குத் தெரியாமல் மறைக்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்; முடியவில்லை என்றால் ஷான்டோ மாதிரி ஊரை அதில் போடாதீர்கள். விலகும்போது உங்கள் பதிவுகளை எடுத்துக்கொண்டு போக வழி இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரித் தளங்கள் விற்கப்படுவதும் மூடப்படுவதும் சாதாரணம். அப்புறம், முகம் பார்க்காத ஆளுக்கு அழைப்பு அனுப்பாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

மாமாவும் பாயும் எந்தத் தளத்திலும் சேரவில்லை. பாயின் குடோன் கதவுக்குப் பின்பக்கம், இரும்புக் கடை ஒன்று கொடுத்த மாத காலண்டர் தொங்குகிறது, ராகு காலம் எமகண்டம் போட்ட பெரிய கட்டக் காலண்டர். கதவைச் சாத்தினால்தான் கண்ணில் படும். ஏழு பேர் அதில் பென்சிலால் ஊரையும் தேதியையும் எழுதுகிறார்கள். புதிதாக ஒருவர் எழுத வேண்டும் என்றால், ஏழு பேரில் ஒருவர் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த முறை அக்டோபர் 31 கட்டத்தில் குவாங்சோ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது எருக்கஞ்சேரிக்காரியின் கையெழுத்து. அவள் பெயருக்குப் பக்கத்தில், அவள் எழுதியதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, மாமாவின் இனிஷியல்.